பழைய என்ஜினும் பிளக் வயரும்: மின்தடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்

பழைய கார்களை வைத்துப் பராமரிப்பவர்கள் கூடிப் பேசும்போது பிளக் வயர் (என்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்லும் வயர்) பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் போய் முடிகிறது: "மின்தடை குறைவான வயராகப் பார்த்து வாங்குங்கள், பொறி வலுவாக விழும்." பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர்; கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டுவதில் கைதேர்ந்தவர்கள், என்ஜின் ஓடும் ஓசையைக் கேட்டே வால்வு இடைவெளி சரியில்லை என்று சொல்லிவிடக்கூடியவர்கள். ஆயினும் அந்த வாக்கியம் எனக்கு ஒருபோதும் செரிக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்தே பல ஆயிரம் ஓம் மின்தடையுள்ள வயர்களோடு வெளிவந்த என்ஜின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் சிக்கலின்றி ஓடியிருக்கின்றன. அவற்றை வடிவமைத்தவர்களுக்குச் செம்பு நல்ல கடத்தி என்பது தெரியாதா? தெரிந்தே அவர்கள் செம்பை விலக்கிவிட்டுக் கார்பன் ஏற்றிய நூலை வைத்தார்கள் என்றால், அதற்கு ஏதோ வலுவான காரணம் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில் என் எண்ணம் மெல்ல ஒரு வடிவத்துக்கு வந்தது. பழைய என்ஜினுக்குப் பிளக் வயர் தேர்ந்தெடுப்பவர், வயரை எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் அதன் ஒரு முனையில் இருக்கும் பிளக்கையும், மறு முனையில், மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்கு முறைவைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும், கேப்புக்குள் சுழலும் ரோட்டரையும், பக்கத்தில் இருக்கும் மின்னணுப் பொருள்களையும் பார்க்க வேண்டும். வயர் இவற்றுக்கு நடுவில் நிற்கும் ஒரு உறுப்பு மட்டுமே. அதன் ஓம் கணக்கைத் தனியே பிரித்தெடுத்து நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

பொறி விழும் முன்பும் விழுந்த பின்பும்

காண்டாக்ட் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்த அமைப்பில், பாயிண்ட் மூடியிருக்கும்போது, பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தித் தரும் காயிலின் முதன்மைச் சுற்றில் மூன்று நான்கு ஆம்பியர் மின்னோட்டம் ஓடிக் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிய, துணைச் சுற்றில் மின்னழுத்தம் விறுவிறுவென ஏறுகிறது. அமைப்பால் 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் தர முடியும் என்றாலும், பிளக்கின் இடைவெளியில் உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை தாங்க முடியாமல் உடையும் அளவோடு ஏற்றம் நின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள என்ஜினின் சாதாரண ஓட்டத்தில் அது பெரும்பாலும் 5,000 முதல் 15,000 வோல்ட்டுக்குள் அமைந்துவிடுகிறது. இந்த ஏறுமுகத்தில் வயர் வழியே ஓடும் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம், ஏனெனில் இடைவெளி இன்னும் திறந்தே இருக்கிறது; வயரும் பிளக்கும் சேர்ந்து உருவாக்கும் சிறிய மின்தேக்கியை நிரப்புவதற்கு வேண்டியது மட்டுமே ஓடுகிறது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்தடையால் இழக்கப்படுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே 5,000 ஓம் வயரானாலும் 5 ஓம் வயரானாலும், பொறி விழுவதற்கு முன் பிளக்கின் முனையை எட்டும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இழப்பு வருவது பொறி விழுந்த பிறகு. அப்போது சில பத்து மில்லி ஆம்பியரில் தொடங்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடியில் தேய்ந்து மறைகிறது. தொடக்கத்தில் 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 5,000 ஓம் வயரில் 200 வோல்ட் செலவாகும். இதை மட்டும் கேட்டால் பெரிய இழப்பாகத் தோன்றும். ஆனால் காயிலின் துணைச் சுற்றே, தலைமுடி போன்ற மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பழைய காயில்களில் 5,000 முதல் 12,000 ஓம் வரை காட்டும். 8,000 ஓம் என்று கொண்டால் அதே 40 மில்லி ஆம்பியர் அங்கே 320 வோல்ட்டைத் தின்கிறது. அதோடு ரோட்டரின் நுனிக்கும் கேப்பின் உட்புற முனைக்கும் இடையே உள்ள சிறு வெளியையும் ஒவ்வொரு முறையும் பொறி தாண்டியாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு, வயரில் மட்டும் சில ஆயிரம் ஓமைக் குறைப்பதால் கிடைப்பது பொறி எரியும் நேரத்தில் ஒரு சிறு நீட்சிதான். கலவையும் அமுக்கமும் டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) சரியாக உள்ள என்ஜினில் கலவை ஏற்கெனவே பற்றிக்கொண்டுவிட்டது. பற்றிய பிறகு பொறி கூடுதலாகச் சற்று நேரம் எரிவதால் குதிரைத் திறன் கூடுவதில்லை. மிஸ் அடிக்காத (அதாவது, எந்தச் சிலிண்டரும் பற்றாமல் விட்டுப்போகாத) என்ஜினில் வயரை மாற்றி வலிமை கூடியதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் பழுதான பழைய வயரை மாற்றியிருப்பார்கள். அந்த வலிமை முன்பே அங்கே இருந்திருக்க வேண்டியது.

இதே கவனத்தைக் காயிலின் இரண்டு முதன்மை இணைப்புகளின் பக்கம் திருப்பினால் பயன் அதிகம். அவை தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால், பிளக்கின் சூடான மையமுனைக்கு எதிர்மின்னழுத்தம் செல்வதற்குப் பதிலாக நேர்மின்னழுத்தம் செல்லும். பொறி விழத் தேவைப்படும் வோல்ட் கணிசமாகக் கூடிவிடும். காரின் உடலோடு சேரும் பேட்டரியின் தரை இணைப்பை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு மாற்றிய பழைய கார்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. எந்த வயராலும் இதைச் சரிசெய்ய முடியாது.

கார்பன் நூல் வந்த காரணம்

1880களின் பிற்பகுதியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியபோது அவரிடம் இருந்தவை ஒரு தூண்டு காயில், ஒரு பொறி இடைவெளி, உலோகக் கம்பிகள். பழைய காரின் பானெட்டுக்கு அடியில் இருப்பதும் அதே மூன்றும்தான். பொறி விழும் கணத்தில், வயரிலும் பிளக்கிலும் தேங்கியிருந்த மின்னூட்டம் சில நானோ விநாடிகளில் கொட்டித் தீர்கிறது. அந்தக் குறுகிய கணத்தில் மின்னோட்டம் பல ஆம்பியர்களுக்கு எகிறுகிறது. உலோகக் கடத்தி உள்ள வயர் அந்த அதிர்வை அடக்குவதற்கு வழியின்றி ஆண்டெனாவாக நின்று வெளியே வீசுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வயர் என்று என்ஜின் ஓடும் நேரமெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கும்.

1930இல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்பனைக்கு வந்த காலத்தில், அதைப் பொருத்துபவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது இந்தப் பொறி இரைச்சல்தான். பிளக்குகளின் தலையில் தனித் தடையங்களை (மின்தடை தரும் சிறு உறுப்புகளை) பொருத்தி அதை அடக்க வேண்டியிருந்தது. வானொலி இடையூறுகளுக்கு அளவும் வரம்பும் வகுக்கச் சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு 1934இல் அமைந்தது. வாகனங்கள் வெளியே உள்ள வாங்கிகளுக்கு இடையூறு செய்யாமல் இருப்பதற்கான அதன் சிஸ்பர் 12 என்ற தரம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1950களில் கார்பன் ஏற்றிய நூலைக் கடத்தியாகக் கொண்ட வயர்கள் கார்களுக்கு வந்தன. நீளம் முழுவதும் பரவியிருக்கும் மின்தடை அந்த அதிர்வைப் பிறந்த இடத்துக்கு அருகிலேயே தணித்துவிடுகிறது. அதாவது, பலர் குறையாகக் கருதும் அந்த ஓம்கள் ஒரு வேலைக்காகத் திட்டமிட்டே வைக்கப்பட்டவை. மின்தடை பிளக்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அந்த வேலை நடக்கும். பிளக்குக்குள்ளேயே தடையத்தை வைக்கும் வழக்கம் பரவியதற்கு இதுவே காரணம். பிளக் முனைகளின் தேய்மானமும் அதனால் குறைகிறது.

இதையெல்லாம் படித்து அறிந்திருந்தபோதும், "நான் ரேடியோவே கேட்பதில்லை, எனக்கு எதற்கு இந்த அடக்கம்?" என்று ஒருவர் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் வலுவான பதில் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ, சட்டம் என்று ஏதாவது சொல்வேன். கேட்டவர் மரியாதைக்குத் தலையாட்டுவார்.

பதில் கிடைத்த மாலை

அந்தப் பதில் கிடைத்தது நண்பர் ஒருவரின் காரில். என்னைவிட வயதில் மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். நான்கு சிலிண்டர் வரிசை என்ஜின். பாயிண்டை எடுத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அமர்ந்து அதே வேலையைச் செய்யும் சிறிய மின்னணு மாட்யூல் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதனோடு சேர்த்து, பந்தயக் கார்களுக்கானது என்ற விளம்பரத்தோடு விற்கப்பட்ட தடித்த சிவப்பு வயர் செட்டையும் மாட்டினார். உள்ளே உலோகக் கடத்தி. மீட்டரை வைத்தால் முள் சுழியத்தை விட்டு நகரவே இல்லை. பிளக்குகளும் தடையம் இல்லாதவை. ஐடிலில் என்ஜின் அமைதியாக இருந்தது. ஆக்ஸிலேட்டரை மெல்லக் கூட்டினால் ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் தத்தளிக்கத் தொடங்கியது. அதற்கு மேல் போனதும் என்ஜின் ஒழுங்கில்லாமல் மிஸ் அடித்தது. அண்ணன் கார்புரேட்டரைச் சந்தேகித்தார், பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகித்தார், இறுதியில் மாட்யூலே பழுது என்ற முடிவுக்கு வந்து அதைக் கழற்றவும் தயாராகிவிட்டார்.

"பழைய வயரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா அண்ணே?" என்று கேட்டேன். போடவில்லை. டிக்கியில் ஒரு துணிப்பையில் சுருட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, மீட்டரில் பார்த்தோம்: மிகக் குட்டையானது 5,000 ஓமுக்குச் சற்று மேல், மிக நீளமானது 9,000 ஓம் அருகே. நீளத்துக்கு ஏற்ற அளவாகவே இருந்தன; நடுவில் மடக்கி ஆட்டியபோதும் எண் தாவவில்லை. மாட்யூலைத் தொடாமல், டைமிங்கைத் தொடாமல், வயரை மட்டும் மாற்றினோம். ஆர்பிஎம் முள் சீராக ஏறியது, மிஸ் முற்றிலும் நின்றுவிட்டது. அண்ணன் நம்பவில்லை; தற்செயலாக இருக்கும் என்றார். அதுவும் நியாயமான ஐயமே. ஆகவே சிவப்பு வயர்களையே மீண்டும் மாட்டி, பிளக்குகளை மட்டும் தடையம் உள்ளவையாக மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இப்போது முள் எப்போதாவது லேசாகத் துள்ளியதோடு சரி. என்ஜின் ஓடியது.

அந்த இரண்டாவது சோதனைதான் என் எண்ணத்தைத் திருப்பியது. வயர் கெட்டது என்றோ மாட்யூல் கெட்டது என்றோ சொல்ல முடியாது. இரண்டும் தனித்தனியே நல்ல பொருள்கள்தாம். ஆனால் பிளக்கில் தொடங்கிக் காயில் வரையிலான பாதையில் எங்குமே அதிர்வைத் தணிக்க ஒன்றும் இல்லாதபோது, அந்த வீச்சு சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் மாட்யூலின் மெல்லிய சைகைக்குள் புகுந்து, பொறி எப்போது விழ வேண்டும் என்ற கணக்கையே குலைத்துவிட்டது. இத்தகைய மாட்யூல்களின் கையேடுகளில் உலோகக் கடத்தி வயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. "ரேடியோ கேட்பதில்லை" என்பவருக்கு என் பதிலும் கிடைத்தது: உங்கள் காரில் கேட்டுக்கொண்டிருப்பது ரேடியோ மட்டும் அல்ல.

உள்ளே என்ன இருக்கிறது

கடைகளில் கிடைக்கும் வயர்களை அவற்றின் கடத்தியை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். உலோகக் கடத்தி வயர், பாயிண்ட் வைத்த, வேறு எந்த மின்னணுப் பொருளும் இல்லாத, பழைய தோற்றத்தைக் காப்பாற்ற விரும்பும் காருக்கு முற்றிலும் தகுதியானது. அது எளிதில் கெடுவதில்லை. ஆனால் அதோடு தடையம் உள்ள பிளக்கோ தடையம் உள்ள பிளக் தொப்பியோ இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபோல்க்ஸ்வாகன் பீட்டிலின் பாஷ் நிறுவன வயர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வயருக்குள் செம்பு, பிளக் முனையில் உள்ள இணைப்பிக்குள் 1,000 ஓம் தடையம். உலோகக் கம்பி நீடித்து உழைக்கிறது, தணிக்கும் வேலையைத் தடையம் பிளக்கின் வாசலிலேயே முடித்துவிடுகிறது.

கார்பன் நூல் வயரில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 10,000 முதல் 23,000 ஓம் வரை இருப்பது வழக்கம். இரைச்சலை நன்றாக அடக்கும். ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. வெப்பமும் அதிர்வும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளக்கைக் கழற்றும்போது தொப்பியைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுக்கும் கையும் அதைக் கொல்கின்றன. மிஸ் அடித்த ஒரு என்ஜினிலிருந்து எடுத்த வயரை ஒரு முறை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே ஒரு கீறலும் இல்லை, ரப்பர் பளபளப்பாகவே இருந்தது. பிளக் முனையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, நூல் அறுந்து, இரண்டு நுனிகளும் கருகி, நடுவே உள்ள சிறு வெளியில் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தது. அந்த வெளியையும் தாண்டித்தான் பொறி இத்தனை நாளும் பிளக்குக்குப் போயிருக்கிறது. தாண்டும் ஒவ்வொரு முறையும் நூலை இன்னும் கொஞ்சம் எரித்திருக்கிறது. ஆகவே கார்பன் வயரை அளக்கும்போது எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. மடக்கி ஆட்டிக்கொண்டே அளக்க வேண்டும், அதே செட்டில் உள்ள மற்ற வயர்களோடு நீளத்துக்கு ஏற்ப ஒப்பிட வேண்டும். தனித்து நிற்கும் வயரே ஐயத்துக்குரியது.

மூன்றாவது வகை, மெல்லிய உலோகக் கம்பியை ஃபெரைட் என்ற காந்தப்பொருள் கலந்த நடுத்தண்டின்மீது நெருக்கமாகச் சுருளாகச் சுற்றியது. மின்தடை குறைவு, மீட்டருக்குச் சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை. ஆனால் சுருளின் மின்தூண்டல் உயர் அதிர்வெண்ணுக்கு எதிராக நின்று அடக்கும் வேலையைச் செய்கிறது. மின்னணு மாட்யூல் பொருத்திய பழைய என்ஜினுக்கு என்னிடம் யோசனை கேட்டால், தரமான சுருள் வயரையும் தடையம் உள்ள பிளக்கையும்தான் சொல்வேன். இங்கும் ஒரு எச்சரிக்கை: ஓம் எண்ணை எவ்வளவு தாழ்த்திக் காட்ட முடியும் என்ற போட்டியில் சில செட்டுகளில் சுற்றுகளைத் தளர்த்திவிடுகிறார்கள். சுற்றுகள் குறைந்தால் ஓம் குறைகிறது, அடக்கும் திறனும் கூடவே குறைகிறது. உறையின்மீது அச்சிட்ட தாழ்ந்த எண்ணைக் கண்டு மகிழ்வதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தடிமனைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்பதெல்லாம் காப்புறையின் வெளிவிட்டம். உள்ளே உள்ள கடத்தியின் அளவு அன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1970களின் நடுப்பகுதியில் உயர் ஆற்றல் மின்னணு அமைப்பைக் கொண்டுவந்து, பிளக் இடைவெளியையும் பெரிதாக்கியபோது 8 மில்லிமீட்டர் தேவைப்பட்டது. 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் இடைவெளியும் சாதாரணக் காயிலும் உள்ள என்ஜினுக்கு நல்ல 7 மில்லிமீட்டர் வயரே போதும், பழைய பிடிப்பான்களில் சரியாகவும் அமரும். தடிமனைவிடக் காப்புறை எதனால் ஆனது என்பதே முக்கியம். சிலிகோன் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தையும் தாங்கும். ஆனால் மென்மையானது, கூரான விளிம்பில் உரசினால் எளிதில் கிழியும். எக்ஸாஸ்ட் அருகே போகும் வயருக்குச் சிலிகோன் வேண்டும், உரசும் இடத்தில் அதற்கு ஒரு பிடிப்பானும் வேண்டும். பழைய ரப்பர் காப்புறை எந்த நிலையில் உள்ளது என்பதை அறிய, இருட்டில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு எட்ட நின்று பார்த்தால் போதும்: பழுதான இடத்தில் வயரைச் சுற்றி நீல ஒளி படரும், உலோகத்துக்கு அருகே வரும் இடத்தில் சிறு கோடாகத் தாவும்.

முனைகள்

அனுபவத்தில் நான் கண்ட பிளக் வயர்ச் சிக்கல்களில் பெரும்பகுதி முனைகளில்தான். பழைய என்ஜினில் இது இரட்டிப்பாகிறது, ஏனெனில் அந்தக் காலத்து இணைப்பு முறைகள் அந்தக் காலத்து வயரை மனத்தில் வைத்து அமைந்தவை. பக்கவாட்டில் வயர் நுழையும், லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கேப்புகள் சிலவற்றில், கேப்பின் உள்ளிருந்து ஒரு கூரான திருகு வயரைத் துளைத்துக் கடத்தியைத் தொடும். செம்பு இழைகளுக்குள் அந்தத் திருகு இறங்கினால் இறுக்கமான தொடர்பு கிடைக்கும். கார்பன் நூலுக்குள் இறங்கினால் நூலைச் சிதைத்துவிட்டு எதையும் தொடாமல் நிற்கும். பழைய காயில்களின் தலையில் உள்ள திருகுமரையும் அப்படியே: வயரை மரைக்குள் நுழைத்து, நுனியில் உள்ள உலோக இழைகளைச் சிறு வட்டத் தகட்டின்மீது விரித்துப் பரப்பி முறுக்க வேண்டும். விரித்துப் பரப்புவதற்கு கார்பன் நூலிலோ சுருள் வயரிலோ இழைகளே இல்லை. ஆகவே இத்தகைய காரின் உரிமையாளர் ஒன்று உலோகக் கடத்தியோடு நிற்க வேண்டும், அல்லது கேப்பையும் காயிலையும் அழுத்திப் பொருத்தும் வகைக்கு மாற்ற வேண்டும். வயரை மட்டும் நவீனமாக்குவது இங்கே நடக்காது.

நீளத்துக்கு வெட்டி நாமே முனை பொருத்தும் செட்டுகள் எனக்குப் பிடிக்கும், வேண்டிய வழியில் வயரைக் கொண்டுபோக முடியும் என்பதால். ஆனால் அதில் பொறுமை வேண்டும். காப்புறையை வட்டமாக வெட்டும்போது கத்தி கடத்தியில் படக் கூடாது. வெளியே வந்த நூலையோ சுருளையோ பின்னோக்கி மடித்து, காப்புறையின் மேல் படியுமாறு வைத்து, உலோக முனை அந்த மடிப்பை நேராக அழுத்தும்படி கவ்வ வேண்டும். சாதாரணக் குறடால் நசுக்கினால் முனை ஒருபுறம் சாய்ந்து, காப்புறையை மட்டும் கவ்விக்கொண்டு கடத்தியைத் தொடாமல் விட்டுவிடும். கையால் இழுத்துப் பார்த்தால் உறுதியாக இருப்பது போலவே தெரியும், மீட்டர் மட்டும் உண்மையைச் சொல்லும். இதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவி இல்லாதவர்கள், தம் காருக்கென்று தொழிற்சாலையில் செய்த செட்டை வாங்குவதே நல்லது.

பாதையில் உள்ள ஓம்களைக் கூட்டிப் பார்க்கவும் வேண்டும். பாஷ் ரோட்டர்களில் ஆர்1, ஆர்5 என்ற குறிகள் முறையே 1,000, 5,000 ஓம் தடையத்தைக் குறிக்கும். என்ஜிகே நிறுவனப் பிளக்கின் எண்ணில் நடுவே ஆர் என்ற எழுத்து வந்தால் (பிபி6ஈஎஸ் தடையம் இல்லாதது, பிபிஆர்6ஈஎஸ் தடையம் உள்ளது) உள்ளே ஏறத்தாழ 5,000 ஓம் இருக்கும். ஆர்5 ரோட்டர், தடையம் உள்ள தொப்பி, நீளமான கார்பன் வயர், தடையம் உள்ள பிளக் என்று நான்கையும் ஒரே பாதையில் அடுக்கினால் 20,000 ஓமைத் தாண்டிவிடும். மின்தடையைத் தாங்கிப் பேசும் நானும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எளிய பாயிண்ட் அமைப்பு குளிரில், சோர்ந்த பேட்டரியோடு ஸ்டார்ட் ஆகத் தடுமாறும்போது அந்தக் கூடுதல் சுமை தெரியும். அடக்கும் வேலைக்கு ஓரிரு இடங்கள் போதும், அதில் ஒன்று பிளக்கின் அருகில் இருக்கட்டும்.

வயர் போகும் வழி

எவ்வளவு நல்ல வயரானாலும் போகும் வழி தவறினால் பயனில்லை. இரண்டு வயர்கள் நீண்ட தூரம் ஒட்டி இணையாகப் போனால், ஒன்றில் எழும் துடிப்பு மற்றதிலும் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். அடுத்தடுத்து எரியும், அடுத்தடுத்து அமைந்த சிலிண்டர்களின் வயர்களில் இது ஆபத்தானது. ஷெவ்ரோலே வி8 என்ஜின்களின் 1-8-4-3-6-5-7-2 என்ற எரிவரிசையில் (சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசையில்) ஐந்தும் ஏழும் இத்தகைய இணை. ஐந்தாவது எரியும்போது ஏழாவதன் பிஸ்டன் அமுக்கத்தில் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்; அமுக்கம் குறைவாக இருப்பதால் அங்கே பொறி விழச் சில ஆயிரம் வோல்ட்டே போதும். காலத்துக்கு முன்பே பற்றிய கலவை, மேலேறும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். நான்கு சிலிண்டர் வரிசை என்ஜினின் 1-3-4-2 முறையில் மூன்றும் நான்கும், இரண்டும் ஒன்றும் இதே நிலையில் உள்ளன. அழகுக்காக எல்லா வயர்களையும் ஒன்றாகக் கட்டி ஒரே கயிறு போல் கொண்டுபோவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். அந்தக் கட்டுகளை அவிழ்த்து, இந்த இணைகளை மட்டுமாவது பிரித்து, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட வேண்டும். தொழிற்சாலை கொடுத்த பிளாஸ்டிக் பிடிப்பான்கள் இதற்காகவே இருந்தன. வயர் செட்டோடு அவற்றையும் தேடி வாங்குபவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்கு வரும் வயரைத் தனியே கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயரிலும் விநாடிக்கு 25 பொறிகள் போகின்றன, நடுவயரிலோ 100. முதலில் களைப்பது அதுதான், ஆனால் நான்கு பிளக் வயர்களை மட்டும் மாற்றிவிட்டு அதைப் பழையதாகவே விட்டுவிடுபவர்களை அடிக்கடி காண்கிறேன். எல்லாச் சிலிண்டர்களும் மாறிமாறி மிஸ் அடித்தால் நான் முதலில் தொடுவது அந்த வயரைத்தான்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் கழற்றி, அதன் நீளத்துக்கு ஒத்த புதியதை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனால் எரிவரிசை குழம்பாது. தொப்பியைச் சற்றே திருகித் தளர்த்திய பிறகு இழுக்க வேண்டும். புதியதன் உட்புறத்தில் மின்காப்பு கிரீஸைச் சிறிது தடவினால் அடுத்த முறை ஒட்டிக்கொள்ளாது. பிளக் முனையிலும் கேப் முனையிலும் உலோகம் பிடித்துக்கொள்ளும் அந்த "கிளிக்" விரலுக்குத் தெரிய வேண்டும். தொப்பி மட்டும் இறங்கி, உள்ளே உலோகம் எட்டாமல் நிற்பது புதிய செட்டுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வயரின் ஓமையும் அளந்து, சிலிண்டர் எண்ணோடு சேர்த்துக் காரின் சர்வீஸ் குறிப்பேட்டில் எழுதி வைக்கும்படி எல்லாரிடமும் சொல்கிறேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு வயரைச் சந்தேகிக்கும்போது, உறையில் அச்சிட்ட விளம்பர எண்ணைவிட அந்த வயர் புதிதாக இருந்தபோது காட்டிய எண்ணே ஒப்பிடுவதற்கு உதவும்.